எட்டுப் பேர் வரைந்த வாய்

ஜெரினின் தாளைப் பார்த்ததும் மோகனப்ரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னா ஜெரின் இது? வாய் ஒரு பக்கமா இழுத்துகினு போவுது. பாத்துத்தானே போட்ட?"

"பாத்துத்தான் மிஸ் போட்டேன். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. அழிச்சி அழிச்சி பேப்பரே கிழிஞ்சிரும் போல."

அவள் குனிந்து அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். தாளில் இருந்தது அவளுடைய முகம்தான். நெற்றி, மூக்கு, காதோரம் தொங்கும் முடி எல்லாம் ஏறக்குறைய சரியாகவே வந்திருந்தன. இடது வாயோரம் மட்டும் கீழே தொங்கிக் கிடந்தது. அதை ரப்பரால் அழித்துவிட்டு, வலது ஓரத்துக்குச் சமமாக ஒரு கோடு இழுத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல கீது பாரு. அளந்து போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.

அந்த ஒரு கோட்டை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ நாள் கூசிப்போனாள்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. வார நாட்களில் மோகனப்ரியாவுக்கு அங்கேதான் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் முகங்களைச் சீர்படுத்துவது அவள் பொறுப்பு. கறுப்பைச் சிவப்பாக்குவாள், ஒன்றரைக் கண்ணை நேராக்குவாள், இறந்துபோனவர் கன்னத்துப் பள்ளத்தை நிரப்பி அவரைப் பத்து வயது இளமையாக்கி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கடையின் மாடியில் அவள் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. பென்சிலே பிடித்தறியாதவர்களுக்குக் கண்ணால் பார்த்ததை அப்படியே வரையச் சொல்லிக் கொடுத்தாள்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண் அவள். ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா நீலா, "படம் போடறதுக்கு ஒரு காலேஜா?" என்று வாயைப் பிளந்தாள். படிப்பு முடிந்து பத்து வருடமாகியும் நீலாவுக்கு அந்த வியப்பு அடங்கவில்லை. கடை முதலாளி ரவிக்குமாருக்கோ மாடி சும்மா கிடப்பதைவிட நாலு பேர் வந்து உட்கார்ந்தால் தேவலை என்று பட்டது. இப்படித்தான் வகுப்பு ஆரம்பமானது.

வந்து சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். ராயபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நாகர்கோவில் குடும்பத்துப் பிள்ளை ஜெரின். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எழில்மொழி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அருள்பிரகாசம். மற்ற ஐந்து பேரும் அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்கள்.

முதல் நாள் ஒரு நசுங்கிய அலுமினியக் குண்டானை நடுவில் வைத்து வரையச் சொன்னாள். எட்டுப் பேரும் நல்ல உருண்டையான குண்டானாகப் போட்டார்கள். "நீங்க குண்டான்னு பேர வரைஞ்சிகீறீங்க. தோ கீதே, இந்த நசுங்கின குண்டான், இத்த யாருமே பாக்கல" என்றாள். அதன் பிறகு நாற்காலியை விட்டுவிட்டு நாற்காலிக் கால்களுக்கு இடையில் தெரிகிற வெற்றிடத்தை மட்டும் வரையச் சொன்னாள். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் ஒரு பொருளின் உயரத்தைப் பிடித்து அளக்கக் கற்றுக் கொடுத்தாள். கண் என்றதும் எல்லாரும் மீன் மாதிரி ஒன்றைப் போட்டு நடுவில் புள்ளி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை விடவைக்கவே அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

இன்றைக்கு முகம். கீழே டீக்கடையில் இருக்கும் ரோஷன் வந்து உட்காருவதாகச் சொல்லியிருந்தான். கடைசி நேரத்தில் வர முடியவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டான். சரி, நானே உட்காருகிறேன் என்று அவளே நாற்காலியில் அமர்ந்தாள். காலையிலிருந்து இடது காதுக்குப் பின்னால் ஒரு குத்தல். ஹெல்மெட் அழுத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாள். முதலில் சின்னதாக ஒரு படம், இடைவேளை, பிறகு கொஞ்சம் பெரிதாக ஒன்று, மறுபடி இடைவேளை, அப்புறம் நிதானமாக ஒரு நீண்ட படம். அந்த நீண்ட படத்தைத் திருத்தத்தான் இப்போது எழுந்திருந்தாள்.

எழில்மொழியின் தாளில் வாய் அதேபோல இடது பக்கம் சரிந்திருந்தது.

"நீயுமாடி? ஒருத்தர பாத்து ஒருத்தர் போட்டீங்களா?"

"இல்லக்கா. நான் அந்த ஜன்னல் பக்கம்ல உக்காந்திருக்கேன். அவரு பேப்பர் எனக்குத் தெரியவே தெரியாதே."

உண்மைதான். ஜெரின் அந்தக் கோடி, இவள் இந்தக் கோடி. மோகனப்ரியா மூன்றாவது தாளுக்குப் போனாள். நான்காவதற்குப் போனாள். ஒன்றில் மூக்கு வாழைப்பூ மாதிரி இருந்தது, ஒன்றில் கழுத்தே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் வாய் ஒரே பக்கமாகத் தொங்கியது. அருள்பிரகாசம் வரைந்த முகத்தில் இடது கண் வலது கண்ணைவிடப் பெரிதாக, இமைக்காமல் விழித்துக்கொண்டிருந்தது.



"இன்னா சார் இது?" என்று கேட்டாள். அந்த வார்த்தைகளே கொழகொழவென்று வந்து விழுந்ததை அப்போதுதான் அவள் காது கேட்டது.

அருள்பிரகாசம் பென்சிலைக் கீழே வைத்தார். "டீச்சரம்மா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"சொம்மா சிரிங்கம்மா."

சிரித்தாள். எழில்மொழியின் கை தன்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டது. யாரோ ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மோகனப்ரியா தன் செல்போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் ஒரு முகத்தின் பாதி சிரித்துக்கொண்டிருந்தது. மறுபாதி செத்ததுபோல் கிடந்தது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள். வலது கண் மூடியது. இடது கண் அவளையே பார்த்துக்கொண்டு அப்படியே திறந்திருந்தது.

போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"நீங்க பாத்தீங்களா? பாத்துட்டா சும்மா இருந்தீங்க?" என்று அவள் கத்தினாள்.

 ஜெரின்தான் கடைசியில் திக்கித் திணறிச் சொன்னான். "எனக்குத்தான் வரையத் தெரியலன்னு நெனச்சேன் மிஸ்."

எட்டுப் பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் கண் முன்னால் ஒரு முகம் சரிவதைப் பார்த்து, பார்த்ததை வரைந்து, தங்கள் கை சரியில்லை என்று எண்ணி அழித்து அழித்துப் போட்டிருக்கிறார்கள்.

"என் வூட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்துச்சிமா" என்றார் அருள்பிரகாசம்.  "முழிச்ச கண்ண போடும்போதே எனக்கு ஒதறல் எடுத்துச்சி. கை தூக்குங்க, ரெண்டு கையும். மேல. ஆங், அப்டியே வெச்சிக்கிங்க." இரண்டு கையும் சமமாக நின்றன. அவர் முகத்தில் துளியும் தெளிவு வரவில்லை. "போலாம். உடனே போலாம்."

கீழே ஜெரினின் குட்டியானை மினிலாரி நின்றது. பாத்திரம் இறக்கிவிட்டு அப்படியே வகுப்புக்கு வந்திருந்தான். முன்னால் அவளும் எழில்மொழியும் நெருக்கி உட்கார, பின்னால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அருள்பிரகாசம் நின்றார். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற சாலையில் ஜெரின் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மோகனப்ரியா வழி முழுக்கத் தன் இடது கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலித்தது. வலிக்கிறதே, அப்புறம் ஏன் அசையமாட்டேன் என்கிறது? அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வயதிலா?

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?"

மோகனப்ரியாவுக்குத் தெரியவில்லை. காலையில் பல் தேய்த்தாள், அப்போது எப்படி இருந்தது? கண்ணாடியில் முகம் பார்த்ததாகவே ஞாபகமில்லை. ஜெரின் கையிலிருந்த தாள்களை நீட்டினான். பதற்றத்தில் பலகையோடு அள்ளிக்கொண்டு வந்திருந்தான். டாக்டரம்மா அவற்றைக் கட்டிலில் பரப்பினாள். ஆரம்பத்தில் போட்ட சின்னப் படத்தில் வாய் நேராக இருந்தது. அடுத்ததில் ஓரம் லேசாக இறங்கியிருந்தது. கடைசிப் படத்தில் முழுதும் விழுந்திருந்தது ரப்பரால் அழித்த தடத்தில் தெரிந்தது, அதன்மேல் மோகனப்ரியா இழுத்த அந்தத் திருத்தக் கோடு.

"இது யார் போட்டது?" என்று டாக்டரம்மா அந்தக் கோட்டைத் தொட்டுக் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் மோகனப்ரியா.

டாக்டரம்மா அவள் முகத்தை நிமிர்த்திப் பிடித்தாள். "புருவத்த மேல தூக்குங்க பாப்போம்" என்றாள். வலது நெற்றியில் சுருக்கம் விழுந்தது. இடது நெற்றி கழுவி வைத்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். "நல்லதுதான்."

"நெத்தி அசையல, நல்லதுன்றீங்க?" என்றாள் மோகனப்ரியா.

"மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெத்தி அசையும். இது முகத்துக்கு வர்ற நரம்பு வீங்கினதால. முகவாதம். எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு பாத்துடலாம். சீக்கிரம் வந்துட்டீங்க, மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சா நிறைய பேருக்குச் சரியாயிடும்."

ஸ்கேனில் ஒன்றுமில்லை. உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் எழில்மொழி வாய்விட்டு அழுதாள். மோகனப்ரியா அழவில்லை. இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் தானாக வழிந்துகொண்டிருந்தது. அதற்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னாள்.

வீட்டில் நீலா மகளின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த மீன் கூடையைப் போட்டுவிட்டாள். "ஐயோ, இன்னாடி ஆச்சி? எவன் கண்ணு பட்டுச்சி?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நடந்ததை ஜெரின் விவரமாகச் சொன்னான். அவன் சொல்லியிருக்கவே கூடாது.

"எட்டுப் பேரா? எட்டுப் பேரு காலைலேர்ந்து என் பொண்ணு மூஞ்சியவே மொறச்சி பாத்துகினு குந்தினு இருந்தீங்களா?"

"அம்மா, அது வரையறதுக்கு..."

"ஒரு கண்ணு பட்டாலே கல்லு ஒடையும். பதினாறு கண்ணு! அப்பால மூஞ்சி இயுத்துக்காம இன்னா பண்ணும்?"

ஜெரின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீலா மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று எங்கேயோ போய் ஒரு புறாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதன் ரத்தத்தைச் சூட்டோடு கன்னத்தில் தடவினால் வாதம் இறங்குமாம். மோகனப்ரியா குழறிய வாயோடு போட்ட சண்டையில் புறா தப்பித்து, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கூரைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து நீலா மகளோடு பேசும்போதெல்லாம் அடுப்பையோ வாசலையோ பார்த்துத்தான் பேசினாள்.

இரவில் கண்ணை பிளாஸ்டர் ஒட்டி மூடித் தூங்கவேண்டியிருந்தது. கஞ்சி குடித்தால் ஓரத்தில் ஒழுகியது. 'ப' என்ற எழுத்தைச் சொல்ல முடியவில்லை. தன் பெயரில் ஒரு 'ப்' இருக்கிறதே என்று முதல்முறையாக அவளுக்கு எரிச்சலாக வந்தது. கடை வேலையை வீட்டிலிருந்தே செய்தாள். ஒரு நாள் மதியம், யாரோ ஒருவரின் அறுபதாம் கல்யாண பேனருக்கு நடுவில், தன் முகத்தைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நல்ல வலது பாதியை வெட்டி, திருப்பி, இடது பக்கம் ஒட்டினாள். ஆயிரம் பேருக்குச் செய்த வேலை, ஒரு நொடியில் முடிந்தது. திரையில் தோன்றிய பெண்ணுக்குக் குறையே இல்லை. ஆனால் அவளை மோகனப்ரியா எங்கேயும் பார்த்ததில்லை.  அவசரமாக அதை மூடிவிட்டு பேனர் வேலைக்குத் திரும்பினாள்.

மூன்றாவது வாரம் அருள்பிரகாசம் போன் செய்தார். "டீச்சரம்மா, நாங்க எல்லாரும் ஞாயித்துக்கெயம வந்துகினுதான் கீறோம். ஸ்டூலு, பக்கெட்டு, ஃபேனு எல்லாம் போட்டாச்சி. இன்னும் போட ஒண்ணுமில்ல."

அவள் போனாள். நீலாவும் கூடவே கிளம்பினாள். எவன் முறைத்துப் பார்க்கிறான் என்று பார்த்துவிடுகிறேன் என்று மாடிப்படியில் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியபடி மோகனப்ரியா அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். அவள் நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுத்தாள். "போடுங்க" என்றாள் குழறலாக.

அறையில் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. எவர் கண்ணும் அவள்மேல் இரண்டு நொடி நிலைக்கவில்லை. முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தாள். ஜெரின் தாளில் வாய் நேராக இருந்தது. எழில்மொழி தாளில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. அருள்பிரகாசம் கூட ஒரு மெல்லிய புன்னகையைப் போட்டு வைத்திருந்தார். எட்டுத் தாளிலும் அழகான, நேரான, நோயே தொடாத ஒரு முகம்.

அன்று செல்போன் திரையில் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி விதிர்விதிர்க்கவில்லை. தெரியாதபோது எட்டுப் பேரும் உண்மையை வரைந்தார்கள். தெரிந்த பிறகு எட்டுப் பேரும் பொய் வரைகிறார்கள்.

"யாருங்க இது?" என்றாள். "இந்த ரூம்ல இப்டி ஒரு பொண்ணு கீதா?"

எழில்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். "மனசு வரலக்கா."

வாசலிலிருந்து நீலா எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே போட்டுகீதுங்க? இப்டியே போடட்டுமே. உனக்கு இன்னா பேஜாரு?"

 மோகனப்ரியா எட்டுத் தாளையும் வாங்கி மடித்து ஓரமாக வைத்தாள். புதிய தாள் கொடுத்தாள். "இந்த வாட்டி பேப்பர பாக்கக்கூடாது. கண்ணு என் மூஞ்சிமேல ஒரு எறும்பு மாதிரி ஊரணும். எறும்பு எப்டி போவுதோ அப்டியே பென்சிலும் போவணும். தூக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. குனிஞ்சி பாத்தா எழுந்து வெளிய போயிடணும்."

தாளைப் பார்க்காமல் வரைகிறவனுக்குக் கருணை காட்ட வழியில்லை. கண்ணை எடுக்கவும் வழியில்லை. நெற்றியில் தொடங்கி எட்டு ஜோடிக் கண்கள் அவள் முகத்தின்மேல் ஊர்ந்து இறங்கின. கன்னத்தில் அந்தப் பார்வை படுவதை அவள் தோல் உணர்ந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயோரத்துக்கு வந்தபோது ஜெரினின் உதடு துடித்தது, ஆனால் பென்சில் நிற்கவில்லை. எழில்மொழி கண்ணைத் துடைக்காமலே வரைந்தாள்.

தாள்களைத் திருப்பிப் பார்த்தபோது கோடுகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. கண் காதுக்குப் போயிருந்தது, மூக்கு நெற்றியில் ஏறியிருந்தது. ஆனாலும் அத்தனை குளறுபடிக்கு நடுவிலும் அவள் இருந்தாள். விழித்த கண்ணும் விழுந்த வாயுமாக, அவளேதான்.

நீலா உள்ளே வந்து அருள்பிரகாசத்தின் தாளைக் கையில் எடுத்தாள். அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் நேருக்கு நேர் பார்த்தாள்.

"கண்ணு எரியலியாடி?" என்று கேட்டாள். "மூடாமயே கீதே. தூசி விழுந்தா இன்னா பண்ணுவ?"

"மருந்து வுட்டுகினு கீறேன்மா."

நீலா மீன் வாடை அடித்த முந்தானையின் நுனியால் மகளின் வாயோரத்தில் வழிந்திருந்த எச்சிலைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அந்தக் கன்னத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.  

பொங்கலுக்குள் வாய் பெரும்பாலும் நேரானது. கண் மூட ஆரம்பித்தது. முழுக்கத் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. இப்போதும் மோகனப்ரியா வாய்விட்டுச் சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்கும். நரம்பு வழி மாறிப் பிணைந்துகொண்டது, இனி இப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். முதலில் சிரிப்பையே அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அடக்கமும் விட்டுப்போயிற்று. அஞ்சலி பேனருக்கு முகம் நேராக்கும் வேலையை அவள் விடவில்லை. வீட்டார் அதைத்தான் கேட்கிறார்கள், செய்து கொடுக்கிறாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் நீலா மாடி ஏறி வந்தாள். தலை சீவி, பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். "நானு குந்தறேன். என்னிய போடுங்க" என்று நாற்காலியில் அமர்ந்தாள். அசையாமல் உட்கார்ந்தாள், இமைகூடக் கொட்டவில்லை. முடிந்ததும் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஜெரினின் பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். வாயோரக் கோடுகள், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, வெயிலில் கருகிய கழுத்து, எதையும் அவன் விட்டிருக்கவில்லை.

"நானா இது?" என்றாள்.  "எப்போ நைனா நானு இம்மாம் கெயவி ஆனேன்?"

ஜெரின் பதறிப்போய் மோகனப்ரியாவைப் பார்த்தான்.  நீலா தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். அப்புறம் அந்தத் தாளைப் பலகையிலிருந்து உருவி, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் படியிறங்கி எண்ணூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.